வன்னியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலா: டிக்கெட்டைக் கடைசியாக வாங்குங்கள்

பத்து நாள், ஒரு முதுகுப்பை, கூட இரண்டு நண்பர்கள். நேபாளம், தாய்லாந்து, வியட்நாம் என்று கேட்டுவருகிற பிள்ளைகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இப்போது நிறைய. சந்தோசமான விஷயம்தான். ஆனால் வன்னியிலிருந்து ஒருவன் வெளிநாடு போகிறான் என்றால் இனித் திரும்பமாட்டான் என்று ஊரும் நினைக்கிறது, கவுண்டரில் இருப்பவரும் நினைக்கிறார். சுற்றிப் பார்த்துவிட்டு வரப் போகிறவர் அந்தச் சந்தேகத்துக்குக் கடதாசியால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மவர்களோ மலிவாகக் கிடைத்த டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு, பிறகுதான் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டிலும் இரண்டு பெயர். டிக்கெட் காசு போனது போனதுதான்.

அதனால் முதலில் கடதாசி, அடுத்து வங்கிக் கணக்கு, அதற்குப் பிறகு எந்த நாடு என்ற முடிவு. டிக்கெட் எல்லாவற்றுக்கும் கடைசி.

கடவுச்சீட்டு பற்றி விதி சொல்வது கொஞ்சம்தான். குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் தருகிறது. தலைமையகம் பத்தரமுல்லையில், நமக்குக் கிட்டிய கிளை வவுனியாவில். 2025 செப்டெம்பரிலிருந்து யாழ்ப்பாணத்திலும் ஒன்று இருக்கிறது. 2024 பெப்ரவரியில் சாதாரண சேவைக் கட்டணத்தை 10,000 ரூபாவாகக் கூட்டினார்கள். ஒரு நாள் சேவை 20,000 ரூபா. பெரியவர்களுக்கு 10 வருடம் செல்லும். படத்தைத் திணைக்களம் அனுமதித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை இணையத்தில் ஏற்றிவிட்டு உங்களுக்கு ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைத்தால் அன்றைய பயணம் வீண். ஒரு நாள் சேவை எந்தக் கிளையில் எந்த நாளில் நடக்கிறது என்று தொலைபேசியில் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள். 2024 செப்டெம்பர், ஒக்டோபரில் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகமே கையிருப்பில் இல்லாமல் நாடு முழுக்க வரிசை நின்றது ஞாபகம் இருக்கும். புறப்படுகிற மாதத்திலா விண்ணப்பிப்பது?

உண்மையான சிக்கல் பிறப்புச் சான்றிதழில் தொடங்குகிறது. 2009 போரில் சான்றிதழைப் பெட்டியோடு தொலைத்தவர்கள், பிறகு பிரதி எடுத்தவர்கள், காலங்கடந்து பதிந்தவர்கள் என்று நம் பக்கத்தில் வகை வகையாக இருக்கிறது. பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் புத்தகத்தைத் தேட வேண்டும், தேடுகிறவர் அன்றைக்கு லீவில் இருப்பார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கொடுத்த பழைய பிரதியிலோ அம்மாவின் கோப்பிலோ அந்த இலக்கம் இருக்கக்கூடும், முதலில் வீட்டைத் தேடுங்கள். அங்கே பதிவே இல்லை என்று வாயால் சொன்னால் திரும்பிவராதீர்கள். இல்லை என்பதை எழுத்தில் கேளுங்கள். அடுத்த அலுவலகத்தில் அந்த எழுத்துத்தான் உதவும். கிடைத்த சான்றிதழைப் பாதுகாப்பு என்று நினைத்து லமினேட் செய்துவிடாதீர்கள்.

பெயரின் ஆங்கில எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். தமிழில் 'தர்சன்' என்று ஒரே மாதிரி இருக்கும். 'த'வுக்கு ஒரு கிளார்க் வெறும் T போடுவார், இன்னொருவர் T-யோடு H சேர்ப்பார். அடையாள அட்டையில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று, ஓ/எல் சான்றிதழில் இன்னொன்று. ஊரில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. விசா அதிகாரிக்கோ அது மூன்று ஆட்கள். கடவுச்சீட்டில் எந்த எழுத்து வரப்போகிறதோ அதற்கு வங்கிக் கணக்கையும் வேலைக் கடிதத்தையும் ஒத்துப்போகச் செய்துகொள்ளுங்கள். அடையாள அட்டையில் திருத்தம் தேவையானால் ஆட்பதிவுத் திணைக்களத்தின் மாகாண அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது. அடுத்தது, கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் ஒரு வரி, மற்றப் பெயர்கள் ஒரு வரி. நம்மில் தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். டிக்கெட்டும் விசாவும் போடும்போது எந்த வரியில் எது இருக்கிறதோ அப்படியே போடுங்கள். கூப்பிடுகிற பெயரை முன்னுக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள்.

மன்னாரிலும் வவுனியாவிலும் அடிக்கடி காண்கிற இன்னொரு குழி: தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, பெற்றோருடன் திரும்பி வந்த பிள்ளைகள். தாயும் தகப்பனும் இலங்கையர் என்பது மட்டும் கடவுச்சீட்டுக்குப் போதாது. நாட்டுக்கு வெளியே பிறந்தவரின் பிறப்பு இலங்கைப் பிரஜையாகப் பதியப்பட்டிருக்க வேண்டும், அந்தப் பிரஜாவுரிமைச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இந்தியப் பிறப்புச் சான்றிதழை மட்டும் கொண்டு போனால் கவுண்டரிலிருந்து திருப்பி அனுப்புவார்கள், ஏன் என்றும் பல நேரம் ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பயணப் பேச்சை ஒதுக்கிவிட்டு இதை முதலில் முடியுங்கள்.

இனிக் காசு. விசா கேட்கிற நாடுகள் வழக்கமாக மூன்று முதல் ஆறு மாத வங்கிக் கூற்றைப் பார்க்கும். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் துருவுவார்கள். வன்னியில் காசு மாதச் சம்பளமாக வருவது குறைவு. காலபோக (பெரும்போக) நெல் விற்றால் ஒரேயடியாக வரும், பிறகு ஆறு மாதம் கணக்கு காய்ந்து கிடக்கும். அதுவும் பாதி வங்கிக்கே போகாமல் கையோடு கையாகக் கடைக்கடன் அடைக்கப் போய்விடும். இப்படிப்பட்ட கணக்கில் விண்ணப்பத்துக்கு முதல் கிழமை அண்ணன் சுவிஸிலிருந்து ஐந்து லட்சம் போட்டால், அது உதவி இல்லை, உபத்திரவம். நெல் காசு என்றால் விற்ற பற்றுச்சீட்டை வையுங்கள். அண்ணன் காசு என்றால் அண்ணன் காசு என்றே எழுதுங்கள். அவருடைய கடிதமும் வருமான ஆதாரமும் சேர்த்து வையுங்கள். கடை, கராஜ், தையல் என்று சொந்தத் தொழில் செய்பவர்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரத்தைப் பதிந்திருக்க வேண்டும். போன மாதம் பதிந்த பதிவை யாரும் நம்பமாட்டார்கள். பயணம் மனதில் இருந்தால் இன்றைக்கே பதியுங்கள், வருகிற காசை வங்கி வழியாகவே எடுத்துச் செலவு செய்யப் பழகுங்கள்.

காணி காட்டலாமா என்று கேட்பார்கள். காட்டலாம், ஆனால் நம்மில் பலரிடம் இருப்பது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம், சொந்தக் காணிக்கான உறுதிப்பத்திரம் இல்லை. அதை உறுதி மாதிரி மொழிபெயர்த்துத் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். வேண்டாம். பொய்க் கடதாசி பிடிபட்டால் அந்த நாடு பல வருடத்துக்குக் கதவைச் சாத்தும்.

கிராம சேவகரின் (ஜீஎஸ்) வதிவிடக் கடிதம் கேட்டால் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் தேவைப்படும். ஜீஎஸ் அலுவலகத்தில் இருக்கிற நாள் ஒன்று, செயலாளர் ஒப்பமிடுகிற நாள் வேறொன்று. இரண்டையும் முதலே கேட்டால் ஒரு தடவை போய்வருவதோடு முடியும். கேட்காவிட்டால் கிழமைக் கணக்கில் அலைச்சல். அரசாங்க வேலையில் இருப்பவர்கள், ஆசிரியர்கள் உட்பட, பள்ளி விடுமுறையிலே போனாலும் வெளிநாட்டு லீவுக்கு எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். அந்தக் கோப்பு மேசை மேசையாக நகரும். பிரின்சிபல் 'ஓம், போயிட்டு வாங்கோ' என்று சொல்வது அனுமதி ஆகாது.

நாட்டைத் தெரிவு செய்வதில் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: வெறும் கடவுச்சீட்டோடு முதல் தடவையே ஐரோப்பாவுக்கு விண்ணப்பிக்காதீர்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத காப்புறுதியும் வேண்டும். மறுத்தால் கட்டணம் திரும்பாது. இதற்கு முன் எங்காவது விசா மறுக்கப்பட்டதா என்று அடுத்தடுத்த நாடுகளின் படிவங்கள் கேட்கும். மறைத்தால் அதுவே தனிக் குற்றம். சொந்தக்காரர் அங்கே இருக்கிறார்களா என்ற கேள்விக்கும் உண்மையையே எழுதுங்கள். வன்னியில் எந்த வீட்டில்தான் இல்லை?

முதல் பயணத்துக்கு விசாத் தொல்லை குறைந்த நாடுகள் இருக்கின்றன. மாலைதீவு வந்திறங்கும்போதே 30 நாள் இலவசமாகத் தருகிறது. தங்குமிடப் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் காட்ட வேண்டும். நேபாளம், இலங்கையும் சேர்ந்த சார்க் அமைப்பின் நாட்டவருக்கு வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் காசில்லாமல் கொடுக்கிறது. சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா தேவையில்லை, ஆனால் செலவு கூட. தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் விசா இல்லாமல் விடும் பட்டியலில் இலங்கையைச் சேர்த்தது. எத்தனை நாள் என்பதை அவர்கள் மாற்றக்கூடும், போகும் மாதத்தில் தூதரகத்தின் பக்கத்தைப் பாருங்கள். 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள். அது இலவசம். காசு கேட்கிற பக்கம் அரசாங்கத்தின் பக்கம் இல்லை. வியட்நாமின் இணைய விசா ஒருமுறை நுழைய 25 டொலர். கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்களின் பக்கங்கள், பார்க்க அரச முத்திரை மாதிரியே இருக்கும், கட்டணமோ இரண்டு மூன்று மடங்கு. விசா வாங்கித் தருகிறேன் என்று கடவுச்சீட்டையே கையில் கேட்கிற புரோக்கர்களிடம் எந்தக் காரணத்துக்கும் அதைக் கொடுக்காதீர்கள்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் கட்டுநாயக்கா வரை இரவு பஸ்ஸில் நசியத் தேவையில்லை என்று பலர் சென்னை வழியாக பாங்கொக் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரி, ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் நீங்கள் வெளியே வந்து பையை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். திரும்பி வரும்போதும் சென்னைதான் என்றால் இரண்டாவது முறை நுழைய அந்த விசா இடம் கொடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் வழியாகத் தனித்தனி டிக்கெட் போட்டாலும் இதே கதை, அங்கேயும் நமக்கு விசா தேவை. நாகப்பட்டினக் கப்பலில் போக நினைப்பவர்கள், இந்திய இணைய விசாவோடு அதற்கான பட்டியலில் உள்ள விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக மட்டுமே நுழையலாம் என்பதைக் கப்பல் டிக்கெட்டுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் ஆட்கள் விடுகிறது சின்னச் சின்னச் செலவுகளைத்தான். வவுனியாவுக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய்வரும் பஸ் காசு, அந்த நாட்களின் கூலி இழப்பு, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு. மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோவைத் தாண்டினால் கவுண்டரில் கேட்கிற காசுக்கு இரண்டு நாள் டோர்மில் படுக்கலாம். தோளில் மாட்டும் பையை வீட்டிலேயே தராசில் வையுங்கள். டொலரை வங்கியிலோ மத்திய வங்கி அனுமதி பெற்ற மாற்றுநரிடமோ வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறக்கச் சொல்லுங்கள். காசு கட்டும்போது வங்கி அனுப்பும் ஒருமுறை இலக்கம் (ஓடீபீ) உங்கள் இலங்கை சிம்முக்குத்தான் வரும், ரோமிங் இல்லாவிட்டால் அட்டை கையில் இருந்தும் பிரயோசனமில்லை.

கடைசிக் கவுண்டர் நம் நாட்டுக் குடியகல்வுக் கவுண்டர். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகிறவர்களைத் தடுக்கிறோம் என்பது அவர்களின் நியாயம். தாய்லாந்து வழியாக மியன்மாரின் இணைய மோசடி முகாம்களுக்கு இலங்கைப் பிள்ளைகள் கடத்தப்பட்ட பிறகு இளைஞர்களிடம் கேள்வி இன்னும் கூடியிருக்கிறது. காரணம் உண்மை. கிளிநொச்சி முகவரியைக் கண்டதும் குரல் மாறுவதற்கு அது காரணமாகாது, ஆனால் மாறும். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, லீவுக் கடிதம், காசு வாங்கிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள், போனில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். போருக்குப் பிறகு புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்டவர்கள் அந்த விடுவிப்புக் கடிதத்தின் பிரதியையும் வையுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், யார் காசு என்ற மூன்றுக்கும் கூடப் போகிற நண்பரும் நீங்களும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். சிங்களம் விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள், தமிழில் கேட்கச் சொல்லுங்கள். நிறுத்தி வைத்தால் பொறுப்பதிகாரியைக் கேளுங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தந்தாலும் தராவிட்டாலும் கவுண்டர் இலக்கத்தையும் நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், பிறகு முறைப்பாடு எழுதும்போது முதலில் கேட்கப்போவது அதைத்தான்.