பழுப்புத் திரவத்துக்குப் பயம், வெள்ளைச் சோடாவிடம் அலட்சியம்

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் ரிவ்யூ நெருங்க நெருங்க, எங்கள் கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஒரே மாதிரியான ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். விடுதி அறையிலோ மொட்டை மாடியிலோ பிசிபி போர்டு (மின்னணுச் சுற்றுப் பலகை) செய்துகொண்டிருந்த பையன் ஒரு கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நிற்பான். அவன் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த நண்பன் சொல்லிவிடுவான்: "ஆசிட் எல்லாம் இல்லை டாக்டர், வெறும் சோடாதான்." காஸ்டிக் சோடாவைத்தான் அப்படிச் சொல்கிறான். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. போன வாரம் இதையே சொன்னவர் மாணவர்கூட இல்லை. வீட்டில் பொழுதுபோக்காக ஆம்ப்ளிஃபயர் செய்கிற, பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். விவரம் தெரிந்தவர்களே இப்படிச் சொன்னால் இனி எழுதித்தான் ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பொழுதுபோக்கின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் காப்பர் கிளாட் போர்டு (செம்புத் தகடு ஒட்டிய பலகை) வாங்கி வந்து, லேசர் பிரிண்ட் எடுத்த வழவழப்பான தாளை அதன் மேல் வைத்து அயர்ன் பாக்ஸால் அழுத்தி, ஃபெரிக் குளோரைடில் ஆட்டி ஆட்டி, வேண்டாத செம்பு கரைந்து கோடுகள் மட்டும் மிஞ்சுவதைப் பார்ப்பதில் இருக்கிற சந்தோஷம் எனக்கும் புரிகிறது. பிள்ளை ராத்திரியெல்லாம் போனைத் தேய்ப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் பெற்றோர்களிடமும் சொல்கிறேன்.

என் கோபமெல்லாம் பயத்தைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான். பழுப்பு நிற ஃபெரிக் குளோரைடு என்றால் எல்லோருக்கும் பயம். கையுறை போடுவார்கள், பழைய சட்டைக்கு மாறுவார்கள், தரையில் செய்தித்தாள் விரிப்பார்கள். கறை படியும், அம்மா திட்டுவார்கள், அவ்வளவுதான் அந்தப் பயம். (அதுவும் கண்ணுக்கு ஆகாது என்பது வேறு விஷயம். ஃபெரிக் குளோரைடு ஆசிட் இல்லை என்று வாதாடுகிறவர்கள் அந்தக் கரைசலில் ஒரு லிட்மஸ் தாளை நனைத்துப் பார்க்கட்டும்.) அப்புறம், ஒளி பட்டால் மாறுகிற பூச்சில் கோடுகளைப் பதிக்கிற ஃபோட்டோ முறைக்கு முன்னேறுவார்கள். பாசிட்டிவ் பூச்சுள்ள போர்டை டெவலப் செய்ய, அதாவது ஒளி பட்ட பூச்சைக் கரைத்தெடுக்க, காஸ்டிக் சோடா வேண்டும். போர்டில் ஒட்டுகிற நெகட்டிவ் டிரை ஃபிலிமுக்குச் சலவைச் சோடா போதும் என்றாலும், வேலை முடிந்ததும் அந்த ஃபிலிமை உரித்தெடுக்கக் காஸ்டிக் சோடாவிடம்தான் போக வேண்டும். கடையில் கிடைக்கவில்லையா, சிங்க் அடைப்பு எடுக்கிற பொடியைப் போடுகிறார்கள். அதில் இருப்பதும் பெரும்பாலும் இதே சரக்குதான். இந்தக் கட்டத்தில் கையுறையும் போய்விடுகிறது, கவனமும் போய்விடுகிறது. சோப்பு செய்கிற சாமான்தானே என்கிறார்கள்.

சோப்பு செய்கிற சாமான் என்பதுதான் ஐயா பிரச்சினையே.

ஆசிட் கண்ணில் பட்டால் மேல்பரப்பில் இருக்கிற புரதம் அங்கேயே உறைந்துபோகும். உறைந்த அந்தப் படலம், ஆசிட் மேலும் உள்ளே இறங்காமல் ஓரளவுக்குத் தடுக்கும். வலி உயிர் போகும், ஆனால் மிதமான ஆசிட் காயங்கள் பலவற்றில் பார்வையைக் காப்பாற்றிவிட முடிகிறது. காஸ்டிக் அப்படி நிற்காது. நம் செல் சவ்வுகள் கொழுப்பால் ஆனவை. தேங்காயெண்ணெயைச் சோப்பாக மாற்றுகிற அதே வேலையை அது அங்கேயும் செய்கிறது. சவ்வு கரைந்து வழி திறக்கிறது, அடுத்த அடுக்குக்குப் போகிறது, அங்கேயும் கரைக்கிறது. கருவிழியின் மொத்தத் தடிமனே சுமார் அரை மில்லிமீட்டர். சில நிமிடங்களில் அதைக் கடந்து கண்ணுக்குள் இருக்கிற நீர்வரை போய்விடும். அங்கிருந்து லென்ஸ், கண் அழுத்தம் என்று வரிசையாகத் தொல்லை. நீங்கள் டெவலப் செய்யக் கலக்குகிற ஒரு சதவீதக் கரைசலின் பிஎச்சே (7 என்றால் நடுநிலை) 13-ஐத் தாண்டும். செதிலாகவே கண்ணில் விழுந்தால் கணக்கே வேறு.

இதில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. ஆசிட் பட்ட கண் செக்கச்செவேல் என்று சிவந்து பயமுறுத்தும். காஸ்டிக் மோசமாகப் பட்ட கண் சில சமயம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். "பாருங்கள், சிவக்கக்கூட இல்லை" என்று நிம்மதியாகக் காட்டுவார்கள். எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது அந்த வெள்ளைதான். கருவிழியின் ஓரத்தைச் சுற்றியிருக்கிற ரத்தக் குழாய்கள் செத்துப்போனதால் வந்த வெளுப்பு அது. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிற மூலச் செல்கள் அந்த ஓரத்தில்தான் குடியிருக்கின்றன. அவை போய்விட்டால், பிற்பாடு யாரோ தானம் செய்த கண்ணிலிருந்து கருவிழியை எடுத்துப் பொருத்தினாலும் நிலைக்காது. நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து துளித் திசு எடுத்து, துணுக்குகளாக்கிப் பதித்து வளர்க்கும் சிகிச்சை இருக்கிறது. ஹைதராபாத் மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்ட எளிய முறை உலகம் முழுக்கப் போயிருக்கிறது, பெருமையான விஷயம்தான். ஆனால் அதற்கு நல்ல கண் ஒன்று மிச்சம் இருக்க வேண்டும்.

வெற்றிலைப் பைக்குள் கிடக்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்தி, அது கண்ணில் பீய்ச்சிய கேஸ்களை இந்தியாவில் எந்தக் கண் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். சுண்ணாம்பும் இதே காரக் குடும்பம்தான். பாட்டியிடம் அந்தப் பாக்கெட்டை எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லிச் சண்டை போடுகிற அதே வீட்டில், காஸ்டிக் செதில் திறந்த டப்பாவில் படிப்பு மேஜை மேல் இருக்கிறது.

சரி, எப்படித் தெறிக்கிறது? பெரும்பாலும் கலக்கும்போதுதான். கிண்ணத்தில் செதிலைப் போட்டு அதன் மேல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். காஸ்டிக் கரையும்போது சூடு கிளம்பும். கொஞ்சம் தண்ணீர் அந்த இடத்திலேயே கொதித்துத் துள்ளும், குனிந்து பார்க்கிற முகம் அங்கேயே இருக்கும். ஆகவே தண்ணீர் முதலில், அதுவும் குளிர்ந்த தண்ணீர். செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போட்டுக் கலக்குங்கள். சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீர் எடுக்காதீர்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கரைசலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கத்தை இன்றே விடுங்கள். ஃபெரிக் குளோரைடு நிறத்தில் கோலா மாதிரி, காஸ்டிக் கரைசல் வெறும் தண்ணீர் மாதிரி. வீட்டில் குழந்தை இருந்தால் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. பாத்ரூம் ஆசிடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து எட்சிங் செய்கிறவர்கள் (செம்பைக் கரைக்கிறவர்கள்) மிச்சக் கலவையை பாட்டிலில் இறுக்கி மூடி வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து மூடி தெறித்துவிடும்.

பட்டுவிட்டால்? தண்ணீர். உடனே. அங்கேயே.

எந்தத் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், வாளியில் இருக்கிற தண்ணீர், எது பக்கத்தில் இருக்கிறதோ அது. கண்ணை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு ஊற்ற வேண்டும். வலியில் இமை தானாக இறுக மூடும், அதனால் இன்னொருவர் பிடித்துவிட்டால் நல்லது. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழுவிக்கொண்டே கழற்றிவிடுங்கள். குறைந்தது அரை மணி நேரம், கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு கை தண்ணீர் அடித்துவிட்டு ஆட்டோ பிடிப்பது கழுவியதில் சேர்த்தி இல்லை. நான் பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "சீக்கிரம் டாக்டரிடம் போகலாம்" என்று கழுவாமலே ஓடி வந்தவர்கள். வரும் வழியெல்லாம் காஸ்டிக் வேலை பார்த்துக்கொண்டே வந்திருக்கும். வந்த பிறகு நானும் முதலில் செய்யப்போவது அதைத்தான்: பாட்டில் பாட்டிலாக சலைன் விட்டுக் கழுவுவேன், லிட்மஸ் தாளை இமைக்குள் வைத்துப் பார்ப்பேன், நிறம் சரியாகும் வரை மறுபடி கழுவுவேன். அந்த வேலையை உங்கள் வீட்டுக் குழாய் எனக்கு முன்னாலேயே ஆரம்பித்திருக்கலாம்.

தாய்ப்பால் விடாதீர்கள். விளக்கெண்ணெய் வேண்டாம், பன்னீர் வேண்டாம். கெமிஸ்ட்ரி படித்த பிள்ளைகள் காரத்துக்கு ஆசிட்தான் மாற்று என்று எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ விடுகிறார்கள். தம்பி, நடுநிலையாக்கல் பரீட்சைத் தாளில் எழுதுவதற்கு. கண்ணுக்குள் செய்து பார்க்கிற பரிசோதனை இல்லை.

கழுவி முடித்த பிறகும் கட்டாயம் வர வேண்டும். மேல் இமையை ஒரு முறை திருப்பினால் போதாது. அதையும் தாண்டி இரண்டாவது மடிப்பு வரை திருப்பி, ஈரப் பஞ்சுக் குச்சியால் துழாவினால், பாதி கரைந்த செதில் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புக்கல் அளவுகூட இருக்காது. மேலே எவ்வளவு கழுவினாலும் அது அங்கே உட்கார்ந்து கசிந்துகொண்டே இருக்கும். இதை வீட்டில் யாராலும் எடுக்க முடியாது.

ரசாயனம் இத்தோடு போதும். அடுத்து ட்ரில்லிங். போர்டில் 0.8 மில்லிமீட்டர் ஓட்டை போடுகிற கார்பைடு பிட் கடினமானது, அதே அளவுக்கு நொறுங்கக்கூடியது. பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்தாலே பட்டென்று உடைந்து பறக்கும். கையில் பிடித்த மினி ட்ரில்லில் சாயாமல் போடுவது நடக்காத காரியம். ஸ்டாண்டில் மாட்டுங்கள். சாதாரண ஸ்டீல் பிட் இந்த அளவுக்கு நொறுங்காது, ஆனால் ஃபைபர் கிளாஸ் போர்டில் சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கியதும் அழுத்துவீர்கள், அப்போது அதுவும் உடையும். இதைவிட அதிகமாக நான் பார்ப்பது சால்டர் செய்த பின் நறுக்குகிற, ரெசிஸ்டர் மாதிரியான பாகங்களின் கம்பிக் கால்கள். கட்டரால் வெட்டும்போது அந்தத் துண்டு எங்கே போகிறதென்று கண்ணுக்கே தெரியாது, கண்ணுக்குள் போகிற வரை. வெட்டும் காலின் நுனியை இன்னொரு கை விரலால் பிடித்துக்கொண்டு வெட்டினால் கதை முடிந்தது. ஒரு விரல், அவ்வளவுதான் நான் கேட்பது.

துண்டு வேகமாக வந்து கருவிழியைத் துளைத்து உள்ளே போனால் பல சமயம் பெரிய வலி இருக்காது, பார்வையும் அன்றைக்குச் சரியாகவே இருக்கும். ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். இரும்போ செம்போ உள்ளேயே தங்கினால் பிற்பாடு விழித்திரையைக் கெடுக்கும். "ஏதோ பட்டது, அப்புறம் சரியாகிவிட்டது" என்றாலும் வந்து காட்டுங்கள். இங்கே விதி தலைகீழ்: துளைத்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் கழுவாதீர்கள், கசக்காதீர்கள், சொட்டு மருந்து விடாதீர்கள். காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் அழுத்தாமல் மேலே கவிழ்த்து டேப் ஒட்டிக்கொண்டு வாருங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் எதுவும் சாப்பிட வேண்டாம். எம்ஆர்ஐ எடுக்க யாராவது அனுப்பினால், உலோகத் துண்டு பட்ட விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.

"நான்தான் பவர் கிளாஸ் போட்டிருக்கிறேனே" என்பவர்களுக்கு: பவர் கிளாஸ் பார்ப்பதற்கு. பக்கவாட்டிலும் மேலேயும் கீழேயும் அது திறந்த வீடு. கலக்கும்போது முகத்தோடு ஒட்டி உட்காரும், காற்றோட்டத் துளைகள் மறைவாக இருக்கும் கெமிக்கல் காகில்ஸ் வேண்டும். ட்ரில்லுக்கும் கட்டருக்கும் பக்கத் தடுப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி போதும். ஈஎன் 166 அல்லது இசட் 87 என்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பவர் கிளாஸுக்கு மேலேயே போடுகிற மாதிரியும் கிடைக்கிறது. சால்டரிங் ஐயர்னுக்குச் செலவழித்த பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

கடைசியாக, ஃபோட்டோ முறையில் போர்டின் மேல் புற ஊதா ஒளி பாய்ச்சுகிற யுவி பெட்டி. டிரை ஃபிலிமுக்கு 395, 405 நானோமீட்டர் எல்இடி போதும். அதையும் வெறும் கண்ணால் வெறித்துப் பார்க்க வேண்டாம், மூடி போட்டு வேலை செய்யுங்கள். ஆனால் கொரோனா சமயத்தில் அறையைச் சுத்தம் செய்ய வாங்கிய கிருமிநாசினி டியூப் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அதை மாட்டுகிறார்கள். அது 254 நானோமீட்டர். நீல வெளிச்சம் மங்கலாகத் தெரிவதால் பயமே வராது. சாயங்காலம் கால் மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், ஒன்றும் ஆகாது. நள்ளிரவில் இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிக் கொட்டியது போல எரிச்சல், நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு வருவதும் இதுதான். ஓரிரு நாளில் ஆறிவிடும், பார்வைக்குப் பெரும்பாலும் பயமில்லை.

அந்த ராத்திரி பரிசோதனைக்காக நாங்கள் விடுகிற மரத்துப்போகும் சொட்டு மருந்து ஒரே நிமிடத்தில் சொர்க்கத்தைக் காட்டும். உடனே "இதையே எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்பார்கள். அதை வீட்டில் வைத்து விட்டுக்கொண்டே இருந்தால் புண் ஆறாது, கருவிழியே கரைய ஆரம்பிக்கும். எத்தனை கெஞ்சினாலும் அந்த பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்ப மாட்டேன். மருந்துக்கடையில் நைச்சியமாகப் பேசியும் வாங்காதீர்கள்.