மான் தடத்தைப் பார்த்தீர்கள், மரத்தைப் பார்த்தீர்களா?

அமெரிக்காவின் விஸ்கான்சினில் முதுகெலும்பு அறுவை செய்பவருக்கு நவம்பர் என்றாலே ஒரே மாதிரி எக்ஸ்ரேதான். தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காம் வியாழன் வரும் பண்டிகை) முந்தைய சனிக்கிழமை, துப்பாக்கியால் மான் வேட்டையாடும் 9 நாள் சீசன் தொடங்கும். வில் வேட்டை அதற்கு முன்பே தொடங்கிவிடும். மானுக்காகக் காத்திருக்க மரத்தில் கட்டிய பரணிலிருந்து விழுந்தவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மார்பு முதுகும் இடுப்பு முதுகும் சேருமிடத்தில் எலும்பு நொறுங்கியிருக்கும். குதிகாலும் கூடவே உடைந்திருக்கும். (உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவருக்கு முதுகையும் படமெடுங்கள் என்று இளம் மருத்துவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.)

இம்முறை வந்தவர் தமிழ்ப் பையன். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

ஏன் அந்த மரம் என்று கேட்டேன். மான் தடம், ஓக் கொட்டை உதிரும் இடம், காற்றின் திசை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது பட்டுப்போன ஆஷ் (ash) மரம்.

எமரால்டு ஆஷ் போரர் வண்டு 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது, 2008-இல் விஸ்கான்சினிலும். அது கொன்ற ஆஷ் சீக்கிரமே மொறுமொறுப்பாகி முறியும். பட்டையில் 'D' வடிவப் பொடித்துளைகள், மரங்கொத்தி உரித்த வெளிறிய திட்டுகள் கண்ணில் பட்டால் விலகிப் போங்கள். பட்டை உரியும் ஷாக்பார்க் ஹிக்கரியும் வேண்டாம், பிடிமானம் வழுக்கும். உயிருள்ள, நேரான மரம் தடத்திலிருந்து பத்தடி தள்ளி இருந்தாலும் அதிலேயே கட்டுங்கள்.

அடுத்தது உயரம். "இன்னும் மேலே போனால் மானுக்கு நம் வாசனை எட்டாது" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன்! வாசனையைக் கொண்டுபோவது காற்று. வடமேற்குக் காற்றென்றால் பரண் தடத்துக்குத் தென்கிழக்கே இருக்கட்டும். தப்பான பக்கத்தில் கட்டிவிட்டு முப்பதடி ஏறினாலும் காற்று சுழன்று கீழே இறங்கும்போது மான் மூக்கால் சீறிவிட்டு ஓடும். கண்ணுக்கு மறையவா? உங்கள் முதுகுக்குப் பின்னால் கிளையடர்த்தி இருந்தால் பதினைந்தடியே போதும். மேலே போகப் போக அம்பு செங்குத்தாக இறங்கும், ஒரு நுரையீரலை மட்டும் துளைக்கும். அடிபட்ட மான் வெகுதூரம் ஓடி எங்கோ கிடந்து சாகும். உயரத்தால் உங்களுக்கும் லாபமில்லை, மானுக்கும் வதை.

சரிவில் கட்டினால் பள்ளத்துப் பக்கம் விழும் ஆழத்தைக் கணக்கிடுங்கள். அடியில் பாறையோ வெட்டிய அடிக்கட்டையோ இருந்தால் வேறு மரம். பரணை மரத்தோடு கட்டிய போன வருட வார்களை (ஸ்ட்ராப்) நம்பாதீர்கள். மரம் பருத்து அவற்றை இறுக்கியிருக்கும், அணிலும் கடித்திருக்கும்.

"மேலே உட்கார்ந்ததும் ஹார்னெஸ் (உடம்போடு கட்டும் பாதுகாப்பு வார்) மாட்டிக்கொள்வேன்" என்பவர்களுக்கு: ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதுதான் நிறையப் பேர் விழுகிறார்கள். தரையிலேயே மாட்டுங்கள், லைஃப்லைனில் (மேலிருந்து தரைவரை தொங்கும் பாதுகாப்புக் கயிறு) கோத்துக்கொண்டே ஏறுங்கள். துப்பாக்கியைக் குண்டு எடுத்துவிட்டுக் கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து, எந்த மரம் என்று வீட்டுக்கு மேப்பில் அனுப்பிவிட்டுப் போங்கள். சிக்னல் கிடைக்கிறதா என்று மரம் பார்க்கும் அன்றே சோதியுங்கள். போன் உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும், பரணில் தொங்கும் பையில் அல்ல.