டிரிப் ஆகிறது என்று எம்.சி.பி.யைப் பெரிதாக்காதீர்கள்

"அண்ணே, ஏ.சி. போட்டா டிரிப் ஆயிடுது. பெருசா ஒண்ணு மாத்திக் குடுத்துட்டுப் போங்க."

வேலைக்குப் போகிற வீடுகளில் நான் அடிக்கடி கேட்பது இது. அப்படி ஒரு வீட்டில், கரண்டைப் பல லைன்களாகப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டியைத் திறந்தேன். எனக்கு முன்னால் வந்தவர் 16 ஆம்பியர் எம்.சி.பி.யை (லோடு கூடினால் தானே விழுந்து, அதாவது டிரிப் ஆகி, கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கழற்றிவிட்டு 32 போட்டிருந்தார். ஒயர் மட்டும் அதே பழைய 2.5 ஸ்கொயர் எம்.எம். அதன் மேலுறை பழுப்பேறி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

எம்.சி.பி. காப்பது ஏ.சி.யை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. அதனால் ஒயரின் தடிமனைப் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பைப்புக்குள் போகும் 1.5 ஒயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20 அல்லது 25 என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஒரே பைப்பில் பல ஒயர்களைத் திணித்திருந்தால் இன்னும் குறைப்பேன்.

அந்த வீட்டில் 2 கிலோவாட் கீசர், ஒன்றரை கிலோவாட் ஏ.சி., 2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் ஒரே லைனில் இருந்தன. 230 வோல்ட்டில் ஏறக்குறைய 24 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றரை மடங்கு லோடைப் பார்த்து விழுந்தது. தன் வேலையைச் சரியாகவே செய்தது. அந்த இடத்தில் 32 வந்தால், 36 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழாது. நிச்சயமாக விழ 46 ஆம்பியரைத் தாண்ட வேண்டும். அதற்குள் ஒயர் வெந்துவிடும். கீசருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். லைன் இழுத்து, பழைய லைனில் மறுபடி 16 போட்ட பிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

பெட்டி வாங்கும்போது இடத்தை எண்ணிப் பாருங்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அணைக்கும் டபுள் போல் மெயின் சுவிட்சுக்கு இரண்டு இடம், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.க்கு இரண்டு, எட்டு லைனுக்கு எட்டு, 12 ஆகிவிட்டது. 16 இடமுள்ள பெட்டியாக வாங்குங்கள். இடம் போதாத பெட்டியில்தான் பிற்பாடு ஒரே எம்.சி.பி.யில் இரண்டு ஒயரைத் திணிப்பார்கள். குளியலறையிலும் துணி அலமாரிக்குள்ளும் பெட்டியை வைக்க வேண்டாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் எரிந்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒரு லூஸ் ஸ்க்ரூ. ஒயர் சரியாகப் பிடிக்காத இடத்தில் 0.1 ஓம் தடை இருக்கிறது, அதில் 20 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். அந்த ஒரு புள்ளியில் மட்டும் 40 வாட் வெப்பம், ஒரு சால்டரிங் அயர்ன் அளவுக்கு. மின்னோட்டம் கூடவில்லை என்பதால் எம்.சி.பி.யால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கருகிய வாடை, லேசான 'சிர்ர்' சத்தம், பெட்டி மூடியில் கதகதப்பு, காரணமில்லாமல் மினுக்கும் விளக்கு: இதில் எது இருந்தாலும் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு நீங்களே ஸ்க்ரூவை முறுக்க வேண்டாம். மெயினுக்கு வந்து சேரும் முனையில் அப்போதும் கரண்ட் இருக்கும்.

இன்னொன்று, "சும்மா சும்மா விழுது" என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொல்வது. இதற்கு மட்டும் நான் உடன்படுவதே இல்லை. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே துண்டித்துவிடும். அந்தக் கசிவு ஓர் ஆளின் உடம்பு வழியாகவும் போகலாம். அடிக்கடி விழுந்தால் ஒவ்வொரு லைனாக அணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் கீசரின் ஹீட்டர் காயில்தான் மாட்டும். வேறு லைனின் நியூட்ரல் மாறிக் கலந்திருந்தாலும் விழும்.

அதன் முகப்பில் 'T' என்று எழுதிய சிறு பட்டன் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள். கரண்ட் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லை என்றால் அந்த ஆர்.சி.சி.பி. செத்துவிட்டது, உடனே மாற்றச் சொல்லுங்கள்.