பக்கத்து வீட்டு மதில் உயர்ந்துவிட்டால் எங்கே போவது? மலையகத்தவருக்கு ஒரு விளக்கம்

மலையகத்தில் வேலிச் சண்டை பெரும்பாலும் உயரத்தில்தான் தொடங்குகிறது. மேல் வீட்டுக்காரருக்கு அது நெஞ்சளவு மதில். பணிய வீட்டில் நிற்பவருக்கு அதே மதில் ஜன்னலை மறைக்கிறது, வெயில் விழுவதில்லை, உடுப்புக் காய்வதில்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், சரிவில் கட்டிய சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே உயரம் இருக்காது. அதனால் "இத்தனை அடிக்கு மேல் கட்டக் கூடாதாம்" என்று யாரோ சொன்னதை வைத்து வாதாடப் போகாதீர்கள். காணி எந்தச் சபை எல்லைக்குள் இருக்கிறது, சுவர் வீதியோரமா பக்கத்து எல்லையா, வெறும் மதிலா மண்ணைத் தாங்கும் அணைசுவரா என்பதையெல்லாம் பார்த்துத்தான் அனுமதி கொடுக்கிறார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, அந்த மதிலுக்கு அனுமதி இருக்கிறதா என்பதுதான்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளில், சீமெந்துக் கல்லால் மதில் எழுப்புவதற்கும் முன் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை வழக்கமாக மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையில் கொடுப்பார்கள். அனுமதியில்லாமல் கட்டியிருந்தால் முதலில் எழுத்தில் அறிவித்தல் போகும், அதற்கும் பணியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்பதற்கான கட்டளை கேட்பார்கள். சபை மதிலை இறக்கவைப்பது இந்த வழியில்தான். கோபத்தில் நீங்களே அலவாங்கை எடுத்தால் அடுத்த நாள் பொலிஸில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

தோட்டத்தில் நிலைமை வேறு. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் குத்தகைக்குத்தான் போயின, காணி அரசுடையது. லயத்துக்கு முன்னால் உள்ள துண்டு நிலத்தில் வேலி தகராறு என்றால் தோட்ட நிர்வாகத்திடம்தான் முதலில் எழுத்தில் முறையிட வேண்டும். ஏழு பேர்ச் வீட்டுத் திட்டங்களில் உறுதிப் பத்திரமும் அதனுடன் உள்ள வரைபடமும்தான் பேசும். அது கையில் இல்லாமல் எல்லையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நிற்காது. பழைய கதியால் இருந்த இடம்தான் எல்லை என்று நம்பி வம்பில் மாட்டியவர்கள் ஏராளம். இரண்டு வீட்டாரும் செலவைப் பகிர்ந்து, உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு எல்லைக் கல்லைக் காட்டச் சொல்வது பல வருடச் சண்டையைவிட மலிவு.

உயரத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது தண்ணீர். மழைத் தண்ணீர் போகும் கானை அடைத்து மதில் எழுப்பினால் மண் ஊறும், சுவருக்குப் பின்னால் அழுத்தம் ஏறும், ஒரு பெருமழையில் எல்லாமே பணிய வீட்டின் மேல் வந்து விழும். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததைப் பார்த்தவர்களுக்குச் சரிவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை கேட்கப்படுவது இதனால்தான். ஆகவே உங்கள் முறைப்பாட்டில் "மதில் உயரம்" என்று மட்டும் எழுதாதீர்கள். கான் அடைபட்டிருக்கிறதா, சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்பதையும் எழுதி, திகதியுடன் படம் எடுத்து இணையுங்கள்.

சபை அசையவில்லை, அயலவரும் பேச வரவில்லை என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. பெரும்பாலும் வார இறுதியில் ஏதாவது ஒரு பாடசாலையில் கூடும். தலைவர் யார் என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசவைப்பார்கள். மதிலில் இரண்டு வரிசைக் கல்லை இறக்கு, நீ உன் மரக்கிளையை வெட்டு என்று முடிகிற விஷயங்கள் நிறைய. முடியாவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் தருவார்கள். குறைந்த பெறுமதியுள்ள பிணக்குகளில் அது இல்லாமல் பெரும்பாலும் வழக்குப் போட முடியாது.

எல்லையையே நகர்த்தி வேலி போட்டு, அடிதடி வரும் நிலை என்றால் தாமதிக்காதீர்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸாரோ நீங்களோ நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே காணி யாருடையது என்று முடிவு செய்ய மாட்டார்கள், யார் அனுபவித்துவந்தார் என்றுதான் பார்ப்பார்கள். உங்களைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், அது நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுப்பதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் நடந்திருக்க வேண்டும்.

அனுமதி இருக்கிறதா என்று சபையில் வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருகிறோமா மறுக்கிறோமா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவைச் சொல்ல வேண்டும்.