ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா?

நான் கப்பலில் மூன்றாம் ஆபீசராக இருந்தபோது ஒரு துறைமுகத்துக்கு வெளியே நடந்தது. கப்பலுக்குத் துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறும் நேரத்தை, துறைமுகத்திலிருந்து வி.எச்.எஃப். ரேடியோவில் சொன்னார்கள். 'தர்ட்டீன் ஃபிஃப்டி' என்று என் காதில் விழுந்தது, அப்படியே எழுதிக் கேப்டனிடம் கொடுத்தேன். அவர்கள் சொன்னது 'தர்ட்டீன் ஃபிஃப்டீன்'. 13.15-க்கு பைலட் படகு வந்து நின்றபோது நாங்கள் இன்னும் சில மைல் தள்ளி இருந்தோம், ஏணியைக்கூட இறக்கவில்லை. கேப்டன் திட்டவில்லை. "திருப்பிச் சொல்லிக் கேட்டியாப்பா?" என்றார். கேட்கவில்லை.

தமிழில் பதினைந்தையும் ஐம்பதையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. ஆங்கிலத்தில் கடைசி ஒலி இரைச்சலில் அமுங்கிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட, கப்பல்களுக்கான பேச்சுத் தொடர்களில், எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. 150 என்றால் 'ஒன் ஃபைவ் சீரோ'. என் பைலட் நேரம் 'ஒன் த்ரீ ஒன் ஃபைவ்' என்று வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கோர்ஸ், அதாவது கப்பல் போகும் திசை, எப்போதும் மூன்று இலக்கம், 9 டிகிரி என்றால் 'சீரோ சீரோ நைன்'. முன்னால் வரும் சீரோவைப் பயிற்சியில் இருக்கும் கேடட்டுகள் சோம்பலில் விழுங்குவார்கள். வெறும் 'நைன்' என்று கேட்பவருக்கு, ஏதாவது விட்டுப்போனதா என்பதே தெரியாது.

சுக்கான் கோணம் மட்டும் விதிவிலக்கு. அங்கே வலப்பக்கம் 15 டிகிரி என்பதை 'ஸ்டார்போர்டு ஃபிஃப்டீன்' என்றே சொல்லலாம். பெரும்பாலான கப்பல்களில் சுக்கான் 35 டிகிரிக்கு மேல் திரும்பாது, ஐம்பது என்று யாரும் தப்பாக நினைக்க வழியில்லை. சுக்கான் பிடிப்பவரும் பக்கத்திலேயே நின்று ஆணையைத் திருப்பிச் சொல்வார்.

'உனாஒன்', 'பிஸ்ஸோடூ', 'டெர்ராத்ரீ' என்று எண்களுக்குத் தனி உச்சரிப்பும் உண்டு. பரீட்சைக்குப் படித்ததோடு சரி, கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கப்பல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல ஏற்றும் கொடிகளில் இந்தக் காதுப் பிரச்சினை கிடையாது, வேறொரு சிக்கல் உண்டு. ஒரு செட்டில் எழுத்துக்கு 26, எண்ணுக்கு 10, மாற்றுக்கு 3, பதிலுக்கு 1 என 40 கொடிகள். ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். அப்படியானால் 1100-ஐ எப்படி ஏற்றுவது? மேலே ஒன்று, அதன் கீழே முதல் மாற்றுக்கொடி, பிறகு சீரோ, கடைசியில் மூன்றாம் மாற்றுக்கொடி. முதல் மாற்று மேலிருந்து முதல் கொடியையும், மூன்றாம் மாற்று மூன்றாவது கொடியையும் மறுபடி காட்டும். யாரோ நன்றாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

எதிர்க்கப்பலின் கொடி கண்ணில் பட்டதும் பதில் கொடியைப் பாதி உயரத்துக்கு ஏற்றுவோம். பொருள் புரிந்த பிறகுதான் அது உச்சிக்குப் போகும். பார்த்தது வேறு, புரிந்தது வேறு. ரேடியோவில் அந்த வேலையைச் செய்வது, கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்வதுதான்.

சரியாகக் கேட்கவில்லை என்றால் 'சே அகெய்ன்' என்று சொல்லுங்கள். பலர் 'ரிப்பீட்' என்கிறார்கள். அது பேசுபவர், தான் சொன்னதில் முக்கியமானதை மறுபடி சொல்லும்போது பயன்படுத்தும் சொல்.