கை பாக்கெட்டுக்குள் போகும் அரை நொடி

2006-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற ‘கிராஷ்’ படத்தை அண்மையில் பார்த்த வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “காருக்குள் அந்தக் கறுப்பின இளைஞன் பாக்கெட்டுக்குள் கையை விட்டபோது, துப்பாக்கியைத்தான் எடுக்கிறான் என்று நானும் நினைத்துவிட்டேன். அப்படியானால் நானும் நிறவெறியன்தானா?” இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை தர முடியாது. ஆனால் அந்த அரை நொடியில் மூளைக்குள் நடப்பதை உளவியலாளர்கள் ஏறத்தாழ அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

பால் ஹேக்கிஸ் இயக்கிய இந்தப் படம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடக்கிறது. பல இனத்தவரும் அருகருகே வாழ்ந்தாலும் ஆளுக்கொரு காருக்குள் அடைபட்டுக் கிடக்கும் நகரம் அது. 1991-இல் ஹேக்கிஸின் காரையே ஆயுதம் காட்டிப் பறித்துக்கொண்டு போனார்கள்; கதையின் விதை அந்தச் சம்பவம். வாசகர் குறிப்பிடும் காட்சியில், பணி நேரம் முடிந்து இரவில் தன் காரில் போகும் வெள்ளையினக் காவலர் ஒருவர், வழியில் நின்ற இளைஞனை ஏற்றிக்கொள்கிறார். காரின் முகப்பில் பயணிகளின் காவலராகக் கருதப்படும் புனித கிறிஸ்டோபரின் சிறிய சிலை இருக்கிறது. அதைக் கண்டதும் இளைஞனுக்குச் சிரிப்பு வருகிறது. தன்னைத்தான் ஏளனம் செய்கிறான் என்று காவலர் எண்ணுகிறார். பேச்சு தடித்து, காரை விட்டு இறங்கச் சொல்கிறார். சிரித்த காரணத்தைக் காட்டுவதற்காக இளைஞன் பாக்கெட்டுக்குள் கையை விடுகிறான். துப்பாக்கி வெடித்த பிறகுதான் அவனுடைய கை விரிகிறது: உள்ளே அதேபோன்ற ஒரு சிலை.

இதே குழப்பத்தை 2001-இல் கீத் பெய்ன் என்ற உளவியலாளர் ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்த்தார். கணினித் திரையில் ஒரு முகம், வெள்ளையினத்தவருடையதோ கறுப்பினத்தவருடையதோ, 200 மில்லி நொடிகள் தோன்றும்; அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அடுத்து அதே அளவு நேரத்துக்கு ஒரு கைத்துப்பாக்கியோ, குறடு போன்ற கருவியோ தோன்றி மறையும். பார்த்தது எது என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். போதிய நேரம் கொடுத்தபோது தவறு செய்தவர்கள் குறைவு. கறுப்பின முகத்துக்குப் பிறகு துப்பாக்கியைச் சற்று விரைவாக அடையாளம் கண்டார்கள், அவ்வளவுதான். அரை நொடிக்குள் விடை சொல்ல வேண்டும் என்று கெடு வைத்ததும் நிலைமை மாறியது: கறுப்பின முகத்தைப் பார்த்த பிறகு கருவியைத் துப்பாக்கி என்று சொல்லும் தவறு கூடியது.

பெய்ன் இத்துடன் நின்றிருந்தால் இது எத்தனையோ சோதனைகளில் ஒன்றாகப் போயிருக்கும். அவர் அடுத்துப் போட்ட கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு விடையின் பின்னால் இரண்டு வேலைகள் நடக்கின்றன: கண்ணால் கண்டதைக் கொண்டு முடிவு செய்வது ஒன்று, அது கைகூடாதபோது, மனத்தில் தயாராக இருக்கும் வார்ப்புப் பிம்பம், அதாவது ஓர் இனத்தவர் எல்லோரும் இப்படித்தான் என்ற முன்முடிவு, விடையை எடுத்துக் கொடுப்பது மற்றொன்று. புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கறுப்பின முகத்துக்குப் பிறகு வந்த 100 துப்பாக்கிகளில் 80-ஐ ஒருவர் ‘துப்பாக்கி’ என்கிறார். 100 கருவிகளில் 30-ஐயும் ‘துப்பாக்கி’ என்றே தவறாகச் சொல்கிறார். 80-இலிருந்து 30-ஐக் கழித்தால் கிடைக்கும் 50 விழுக்காடுதான் அவர் உண்மையிலேயே பார்த்துச் சொன்னது. பார்க்கத் தவறிய மீதி 50-இல் 30 முறை, அதாவது பத்துக்கு ஆறு முறை, மனம் தானாகவே ‘துப்பாக்கி’ பக்கம் சாய்ந்திருக்கிறது. இப்படிப் பிரித்தபோது தெரிந்தது இதுதான்: நேர நெருக்கடி அந்தத் தானியங்கிச் சாய்வைக் கூட்டவில்லை, அதைத் தடுத்து நிறுத்தும் கட்டுப்பாட்டைத்தான் குறைத்தது. சாய்வு முன்பும் அதே அளவில்தான் இருந்திருக்கிறது, வெளியே தெரியவில்லை.

மறு ஆண்டு ஜோஷுவா கொரெல் குழுவினர் இதைச் சுடும் விளையாட்டாக மாற்றினார்கள். திரையில் தோன்றும் ஆளின் கையில் துப்பாக்கி இருக்கலாம், பணப்பையோ கைபேசியோ இருக்கலாம். சுடுவதா வேண்டாமா என்று உடனே முடிவெடுக்க வேண்டும். 1999 பிப்ரவரியில் நியூயார்க்கில் அமாடு டியாலோ என்ற கறுப்பின இளைஞர் எடுத்த பணப்பையைத் துப்பாக்கி என்று எண்ணி நான்கு காவலர்கள் 41 முறை சுட்டு அவரைக் கொன்ற சம்பவம் இந்த ஆய்வின் பின்னணியில் இருக்கிறது. இதிலும் அதே சாய்வு தெரிந்தது. ஆனால் அதன் அளவு, ஒருவர் கறுப்பினத்தவரை வெறுக்கிறாரா என்பதோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. ‘கறுப்பினத்தவர் ஆபத்தானவர்’ என்ற பிம்பம் சமூகத்தில் எந்த அளவுக்குப் புழங்குவதாக அவர் கருதுகிறார் என்பதோடு பொருந்தியது. கறுப்பினப் பங்கேற்பாளர்களிடமும் ஏறத்தாழ அதே சாய்வு காணப்பட்டது. வாசகரின் கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

மீதிப் பாதிக்குப் படத்தையே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். ஆய்வகத்தில் முகத்தின் நிறத்தைத் தவிர மற்றவையெல்லாம் இயன்றவரை ஒன்றாக வைக்கப்படும். ஹேக்கிஸ் அப்படிச் செய்யவில்லை. அந்த இளைஞன் முன்னொரு காட்சியில் துப்பாக்கி காட்டிக் காரைக் கடத்தியதை நமக்குக் காட்டிவிட்டார். அவனிடம் சிலை இருப்பதையும் காட்டியிருக்கிறார். ஆகவே துப்பாக்கியை எதிர்பார்த்த பார்வையாளருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. சோதனை என்ற வகையில் இதைப் படத்தின் பெரிய ஓட்டையாகவே கருதுகிறேன். நகரத்தில் எல்லோரும் எல்லோர்மீதும் வந்து மோதும் தற்செயல்களைவிட இதுதான் என்னை உறுத்துகிறது. காரில் இருந்த காவலருக்கோ அவன் காரைக் கடத்தியவன் என்பதும் தெரியாது, அவனிடம் சிலை இருப்பதும் தெரியாது. அவர் முன்னால் இருந்தது ஒரு முகம், ஒரு கை, மிகக் குறைந்த நேரம்.

பயிற்சியால் இது மாறுமா என்பதற்கும் ஓரளவு தரவு உண்டு. கொரெல் குழு 2007-இல் அமெரிக்காவின் டென்வர் நகரக் காவலர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டது. முடிவெடுக்கும் வேகத்தில் காவலர்களிடமும் சாய்வு இருந்தது; ஆனால் தவறாகச் சுடுவதில் அவர்களிடம் அது குறைவாகவே வெளிப்பட்டது. ஒரு மணி நேர வகுப்பில் மனச்சாய்வைத் துடைத்துவிடலாம் என்று செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, இந்தக் கட்டுப்பாடு களத்தில் எவ்வளவு நேரம் தாங்கும், தூக்கமின்மையிலும் அச்சத்திலும் எங்கே உடையும் என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளப்பதற்கு ஒதுக்கலாம். படத்தில் சுட்டவரும் பயிற்சி பெற்ற காவலர்தான். உடன் பணியாற்றிய மூத்த காவலரின் இனவெறியைப் பொறுக்க முடியாமல் வேறு வண்டிக்கு மாற்றல் கேட்டவரும் அவரேதான்.