பிரிக்காமல் கிடக்கும் வார இதழ்

எழுபதைக் கடந்த பலருக்கு வாரத்தில் ஒரு நாள் மற்ற நாட்களைவிடக் கொஞ்சம் உசத்தி. பத்திரிகை வரும் நாள். 1926இல் தொடங்கிய ஆனந்த விகடனையோ, 1947இல் பிறந்த குமுதத்தையோ கல்யாணமான புதிதில் வாங்க ஆரம்பித்து இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஜோக், அப்புறம் தொடர்கதை, தலையங்கம் கடைசியில் என்று ஆளுக்கொரு வரிசை. அதை யாருக்காகவும் மாற்ற மாட்டார்கள். அப்படிப்பட்டவர் இரண்டு மூன்று வாரமாக இதழைப் பிரிக்காமலே போட்டு வைத்து, "இப்பல்லாம் ஒண்ணும் நல்லா இல்ல" என்று சொன்னால் வீட்டார் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்திரிகையும் மாறியிருக்கலாம்தான். ஆனால் இந்தப் பேச்சோடு வருகிறவர்களைப் பரிசோதித்தால் பல நேரம் குறை கண்ணில்தான் இருக்கிறது.

தமிழ் எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி. அடுத்து, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் உள்ள வித்தியாசம். படிக்கிறவர் தன்னை அறியாமலே ஊகித்துப் படிப்பார். ஒரு பக்கத்துக்கு இரண்டு பங்கு நேரம் பிடிக்கும், தலை வலிக்கும், தூக்கம் வரும். வழக்கமான கண்ணாடியோடு ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் இடக்கண்ணை மூடி, பிறகு வலக்கண்ணை மூடி. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

அதற்கு முன் விளக்கைப் பாருங்கள். அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடுகிறது, உள்லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. கூரையில் இருக்கும் ட்யூப் லைட் போதவே போதாது. 9 வாட் எல்இடி பல்பு போட்ட மேசை விளக்கைத் தாளிலிருந்து ஓர் அடிக்குள் கொண்டுவாருங்கள். இரண்டடியிலிருந்து ஓரடிக்கு வந்தாலே தாளில் விழும் வெளிச்சம் நாலு மடங்கு. விளக்கு முகத்துக்கு நேரே இருக்கக் கூடாது. நன்றாகத் தெரியும் கண் எந்தப் பக்கமோ, அந்தத் தோள் பக்கமிருந்து வர வேண்டும். வழவழ தாளில் இது ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் பல்புதான் தெரியும். வண்ணப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தை அச்சடிக்கும் வடிவமைப்பாளர்களை மட்டும் எந்த விளக்காலும் திருத்த முடியாது.

வெள்ளெழுத்துக் கண்ணாடியில் நடக்கும் கோளாறு பெரும்பாலும் தூரத்தைப் பற்றியது. தூரப்பார்வைக்குப் பவர் இல்லாதவருக்கு +2.50 கண்ணாடி 40 செ.மீ. தூரத்திலும், +3.00 சுமார் 33 செ.மீ. தூரத்திலும் தெளிவாகக் காட்டும். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று பவரைக் கூட்டி வாங்கிவிட்டு, பழைய பழக்கத்தில் மடியில் வைத்துப் படித்தால் மங்கத்தான் செய்யும். நடைபாதைக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர். கருவிழியின் வளைவுக் கோணலைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் இருக்காது. பைஃபோகல் (மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிக்க) போட்டவர் படுத்துக்கொண்டு படித்தால் கீழ்ப்பாதி வழியே பார்வை போகாது. ஒரு மணி நேரம் படிக்கிறவருக்குப் படிப்பதற்கென்றே தனிக் கண்ணாடி நல்லது; அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நடக்கக் கூடாது. சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் பவர் பார்த்தால் அந்தக் கண்ணாடி அடுத்த மாதமே உதவாமல் போகலாம்.

இன்னொன்று, சந்தோஷமாகச் சொல்லப்படும் அறிகுறி: "இப்ப கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன்!" எழுபது வயதில் வெள்ளெழுத்து தானாகக் குணமாவதில்லை. கண்புரை லென்ஸின் நடுவே முற்றும்போது கிட்டப்பார்வைப் பவர் கூடும். அதனால் கிட்டத்தில் கொஞ்ச காலம் தெளிவாகத் தெரியும், தூரம் மங்கும். சர்க்கரை கூடினாலும் இப்படி ஆகலாம். இரண்டுக்குமே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். புரை அறுவைக்குப் பின் சாதாரண லென்ஸ் வைத்தவருக்குப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். அதை நாலு முதல் ஆறு வாரத்தில் எழுதித் தருவார்கள். அறுவை முடிந்து சில மாதமோ சில வருடமோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு தடித்திருக்கலாம். யாக் லேசரில் சில நிமிட வேலை அது.

அவசரம் எது என்று கண்டுபிடிக்கக் குறுக்கெழுத்துப் போட்டிப் பக்கம் உதவும். படிக்கும் கண்ணாடியைப் போட்டு, ஒரு கண்ணை மூடி, கட்டங்களின் நடுவே பாருங்கள். கோடு நெளிந்தாலோ, நடுவில் கறுப்பாகத் திட்டு தெரிந்தாலோ விழித்திரையின் மையத்தில் கசிவு இருக்கலாம். அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ போங்கள்; காலத்தோடு போட்ட ஊசி பார்வையைக் காப்பாற்றும், தாமதித்தால் தழும்பு நிற்கும். வரியின் ஆரம்பம் அல்லது முடிவு திடீரென்று தெரியாமல் போனால் அது பக்கவாதமாக இருக்கலாம். அதற்குக் கண் மருத்துவமனை வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

சிகிச்சையெல்லாம் முடிந்தும் எழுத்து பிடிபடவில்லை என்றால் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் குறைபார்வைப் பிரிவு இருக்கிறது. உருப்பெருக்கியை அங்கே கண்ணுக்கேற்ப எழுதித் தருவார்கள். கடையில் பெரிய வட்டமாகப் பார்த்து வாங்குகிறோம். வட்டம் பெரிதானால் பவர் குறைவு. கை நடுங்குகிறவருக்குத் தாள் மேலேயே நிற்கும் ஸ்டாண்டு வகை சரி. வரி தவறுகிறவருக்குக் கறுப்பு அட்டையில் 15 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலத்தில் ஜன்னல் வெட்டிக் கொடுங்கள். ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே போகலாம், தாளின் கூச்சமும் அடங்கும். துவளும் இதழைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டுச் சாய்த்து வைத்தால் கட்டைவிரல் வலியும் கழுத்து வலியும் மிச்சம். தீபாவளி மலரைக் கையில் பிடித்தே படிக்கக் கூடாது, மேசைதான்.

கல்கி 2020இல் அச்சை விட்டு இணையத்துக்குப் போனதுபோல, பிடித்த இதழ் திரைக்கு மாறிவிட்டால் போனைவிட டேப்லட் நல்லது. பக்கத்தை அப்படியே காட்டும் வடிவத்தைவிட, எழுத்தை மட்டும் பெரிதாக்கும் வடிவத்தைத் திறந்து கொடுங்கள். முன்னதில் விரலால் இழுத்து இழுத்தே ஆளுக்கு வெறுத்துவிடும்.

வாசித்துக் காட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நமக்குப் பிடித்ததிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. பக்கம் பக்கமாகத் தலைப்புகளைச் சொல்லி, எது வேண்டும் என்று கேளுங்கள். வேண்டாம் என்று தள்ளுவதும் பத்திரிகை படிப்பதில் ஒரு பாதி சுகம். ஜோக்கை வாசிக்கும்போது படத்தில் யார், என்ன செய்கிறார் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு வசனத்துக்குப் போங்கள்.